விளிம்புக்குள் தங்கும் நீர்

எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, மறுநாள் நிமிர்த்தும்போது அதன் வாயோரத்திலிருந்து பழுப்பாக ஒரு துளி சொட்டும். அதைக் கழுவியவரின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். காரணமோ அந்தப் பாத்திரம் செய்யப்படும் முறையில் இருக்கிறது.

உருளியும் வெண்கலப் பானையும் வார்ப்புப் பாத்திரங்கள். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவதால் விளிம்பிலிருந்து அடிவரை ஒரே திண்மம். நீர் ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லை. அவற்றைக் கவிழ்த்து வைத்தால் நீர் முழுவதும் வடிந்துவிடும். பித்தளையிலும் செம்பிலும் கவலை வேறாக இருந்தது. புளிப்புப் பட்டால் களிம்பேறும் என்பதால் உட்புறம் வெள்ளீயம் பூசினார்கள். வெளிப்புறத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினார்கள். கேடு எதுவாயினும் அது கண்ணுக்குத் தெரிந்தது.

1912இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் க்ரூப் நிறுவனம் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுக்குக் காப்புரிமை கோரியது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரியர்லி குரோமிய எஃகொன்றை உருக்கினார். அது அமிலத்தால் எளிதில் அரிக்கப்படாததைக் கண்டு, கத்தி செய்ய உகந்தது என்று உணர்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த உலோகக் குடும்பம் தமிழ்ச் சமையலறையில் எவர்சில்வர் என்ற பெயரோடு நிலைபெற்றது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட வகை அதில் புகழ்பெற்றது.

துருவேறாமையின் மர்மம் காற்றில் இருக்கிறது. குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலமாகிறது. கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் படலம் தானே மூடிக்கொள்ளும்.

ஆனால் எவர்சில்வர் பாத்திரம் மெல்லிய தகட்டை அழுத்திச் செய்யப்படுவது. வெறும் விளிம்பு கையை அறுக்கும், வளைந்தும் போகும். ஆகவே வாயை வெளிப்புறமாகச் சுருட்டிவிடுகிறார்கள். நிமிர்ந்திருக்கும்போது அந்தச் சுருளின் இடைவெளி கீழ்நோக்கியிருக்கும். கவிழ்த்தாலோ அதுவே மேல்நோக்கிய சிறு வாய்க்காலாகி, பாத்திரத்தின் வெளிச்சுவரில் வழியும் நீரையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. வார்ப்புப் பாத்திரத்துக்குச் சரியாக இருந்த பழக்கம் தகட்டுப் பாத்திரத்தில் நேர்மாறாகிவிட்டது.

உள்ளே தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்கிறது, உப்பின் குளோரைடு செறிகிறது, அமிலத்தன்மை கூடுகிறது. படலம் புதுப்பிக்கப்படாமல் அரிப்பு தொடங்குகிறது. உணவுத்துணுக்கும் சேர்ந்தால் நாற்றம்.

பரிகாரம் எளிது. புளிக்குழம்போ உப்பிட்டதோ இருந்த பாத்திரத்தை உடனே கழுவி, சுருளின் இடுக்கை மெல்லிய தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் அலச வேண்டும். சற்று நேரம் கவிழ்த்து வடித்தபின் நிமிர்த்தி, விளிம்பைத் தட்டித் துணியால் ஒற்றி வெயிலில் வைக்கலாம். நாற்றம் இருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் விளிம்பை ஊறவைத்து அலசலாம். குளோரின் கலந்த வெளுப்பான் கூடாது. அதுவே அரிப்பைத் தூண்டும்.

உள்ளீடற்ற கரண்டிப் பிடிக்குள் நீர் புகுந்திருந்தால் அடுப்பில் காட்டி உலர்த்தவே கூடாது. வெளியேற வழியில்லாத நீராவி பிடியைப் பிளந்து கையையும் முகத்தையும் சுட்டுவிடும். துளை தெரிந்தால் அதைக் கீழ்நோக்கி வைத்துப் பல நாள் காயவிடுவதே வழி.

துலக்கத் தெரிந்த கைகள் மாறவில்லை. அவற்றிடம் வந்து சேர்ந்த பாத்திரம் மாறிவிட்டது. அந்தப் பழுப்புத் துளிக்கான பழி மட்டும் இன்னும் கைகளின் மேலேயே விழுந்துகொண்டிருக்கிறது.