சிங்கப்பூரில் சேவையகக் காவலின் வரலாறு

சிங்கப்பூர் அரசாங்க அலுவல்களைக் கணினிமயமாக்கும் பெரும்பணி, 1981இல் தேசியக் கணினி வாரியம் அமைந்ததோடு வேகம் பெற்றது. 1989இல் டிரேட்நெட் என்ற மின்னணு வணிக ஆவண முறை வந்தபோது, ஏற்றுமதி இறக்குமதிப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவது குறைந்தது. 1991இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் டெக்நெட் ஆய்வாளர்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 1994இல் சிங்நெட் அதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. தகவல் ஓர் இடத்துச் சேவையகத்தில் இருக்க, அதைப் பராமரிப்பவர் வேறோர் இடத்திலிருந்து வேலைசெய்வது அப்போதுதான் வழக்கமானது. அந்த வாசலை யார் காப்பது என்ற கேள்வியும் அதோடு பிறந்தது.

நச்சுநிரல்களின் தொடக்ககாலப் பயணம் நெகிழ்வட்டு வழியே நடந்தது. லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் 1986இல் எழுதிய ‘பிரெய்ன்’, வட்டுகள் கைமாறிய இடமெல்லாம் பரவியது. தடுப்பு மென்பொருள் அன்று செய்த வேலை எளிது: தெரிந்த நச்சுநிரல்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிடும். பட்டியல் பழையதானால் காவலும் பழையதாகிவிடும். சேவையகத்தில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. அங்கே தங்கும் ஒரு கெட்ட கோப்பு, அதைத் திறக்கும் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச்சேரும்.

தொலைமுனையத்தின் குறை வேறுவகை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அன்று பரவலாகப் பயன்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பியது. வழியில் வலையமைப்பை ஒட்டுக்கேட்பவர் அதை வாசித்துவிடலாம். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அப்படியொரு கடவுச்சொல் திருட்டு நடந்த பிறகு, அங்கிருந்த டாட்டு யலோனன் 1995இல் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். இதில் உரையாடல் முழுவதும் மறையாக்கம் பெறுகிறது. சேவையகம் தன் அடையாளத்தைச் சாவியால் மெய்ப்பிக்கிறது. பயனரும் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவி இணையைப் பயன்படுத்தலாம். 1999இல் ஓப்பன் எஸ்எஸ்எச் வெளியாகி, கட்டணமின்றி எல்லா இடங்களிலும் நிலைபெற்றது.

சட்டமும் அமைப்புகளும் இதே காலத்தில் உருவாயின. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கும் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1993இல் நிறைவேறியது. இணையத் தாக்குதல்களை எதிர்கொள்ள உதவும் சிங்செர்ட் குழு 1997இல் தோன்றியது. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2015 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது.

ஆயினும் நச்சுநிரல் தடுப்பு, தொலைநுழைவுக் காவல் ஆகிய இரண்டும் ஒருசேரத் தோற்ற நிகழ்வு 2018இல் நேர்ந்தது. சிங்ஹெல்த் சுகாதாரக் குழுமத்தின் நோயாளர் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி முதலியவை ஜூன் 27க்கும் ஜூலை 4க்கும் இடையே திருடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் தகவல்கள் திரும்பத் திரும்பக் குறிவைக்கப்பட்டன.

ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு, திருட்டுக்கு முந்தைய பத்து மாதங்களைத் தடம்பிடித்தது. 2017 ஆகஸ்டில் ஒரு பணிக்கணினி முதலில் வீழ்ந்தது. ஊடுருவியவர்கள் தங்களுக்கென்றே மாற்றியமைத்த நிரல்களைப் பயன்படுத்தியதால், தடுப்பு மென்பொருளின் பட்டியலில் அவை இல்லை. பின்னர் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் தொலைநுழைவுக்குப் பயன்பட்ட சிட்ரிக்ஸ் சேவையகங்களுக்குள் தொலைவழியாகவே நுழைந்தார்கள். அங்கிருந்த ஒரு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் எளிதில் ஊகிக்கத்தக்கது. நிர்வாகிகளுக்கு இரண்டாவது அடையாளச் சரிபார்ப்பு இருந்தும், அதைத் தவிர்த்து நுழைய வழி இருந்தது.

தாக்குதலில் பயன்பட்ட சேவையகங்களுள் ஒன்று தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இருந்தது. வன்னகிரை என்ற நச்சுநிரல் உலகை உலுக்கிய 2017 மே மாதத்துக்குப் பிறகு 14 மாதங்கள் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் சேர்க்கப்படவில்லை. அதன் நச்சுநிரல் தடுப்பும் மிகப் பழைய பதிப்பு. புதுப்பிக்க முடியாமல் மறுபடி நிறுவவேண்டிய நிலை. அதைப் பார்த்துக்கொண்டவர் முறைப்படி பொறுப்பேற்றவர் அல்லர். வேறு பணியில் இருந்தவர், வசதி கருதி அதையும் கவனித்துவந்தார். நிகழ்வின் வேர்களுள் ஒன்று இங்கே தெரிகிறது. காவல் மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. அதைக் கவனிக்கும் கடமை மட்டும் எவர் பெயரிலும் எழுதப்படவில்லை.

அதே சமயம், திருட்டை நிறுத்தியதும் ஒரு மனிதரின் கவனம்தான். ஜூலை 4 அன்று தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான தேடல்களைக் கண்டு தடுத்தார். முந்தைய வாரங்களில் வேறு சில ஊழியர்களும் ஐயப்பட்டிருந்தனர். அச்செய்தி மேலிடத்துக்கு உரிய நேரத்தில் போகவில்லை. 2019 ஜனவரியில் வெளியான அறிக்கை 16 பரிந்துரைகளை முன்வைத்தது. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம், தொழில்நுட்பத்தை நடத்திய ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

2018 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், எரிசக்தி, நீர், வங்கி, சுகாதாரம் உள்ளிட்ட 11 துறைகளின் முக்கியக் கணினிகளுக்கு உரிமையாளரின் கடமைகளை வரையறுத்தது. சிறு நிறுவனங்களுக்காக 2022இல் வந்த சைபர் எசென்ஷியல்ஸ் முத்திரை, நச்சுநிரல் தடுப்பு, மென்பொருள் புதுப்பிப்பு, நுழைவு உரிமைக் கட்டுப்பாடு ஆகியவற்றை அடிப்படைத் தேவைகளாக்கியது.

2025 ஜூலை 18 அன்று அமைச்சர் கா. சண்முகம், யுஎன்சி3886 என்ற ஊடுருவல் குழு நாட்டின் முக்கியக் கட்டமைப்பைத் தாக்கிவருவதாக அறிவித்தார். வழக்கமான தடுப்பு மென்பொருளுக்கு இடமில்லாத திசைவிகளையும் மெய்நிகர்க் கணினி மேடைகளையும் அக்குழு நாடுகிறது. எஸ்எஸ்எச் நிரலையே மாற்றிவைத்துக் கடவுச்சொற்களைச் சேகரித்ததும் ஆய்வாளர்களின் பதிவில் உள்ளது. எனவே இன்றைய சேவையகக் காவலில் சாவிகளை மாற்றுவது, தேவையற்ற கணக்குகளை மூடுவது, நுழைவுப் பதிவேடுகளை வாசிப்பது, அடையாளப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பது ஆகிய யாவும் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட்ட அன்றாடப் பணிகளாயிருக்கவேண்டும்.