தேய்மானத்தை வாசித்தல்: ரோமானியக் காசுகள் குறித்துச் சில குறிப்புகள்

பழங்காசு வணிகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு ரோமானியக் காசை 'ஃபைன்' என்று தரம் பிரித்தால், அது நன்றாகத் தேய்ந்துபோன காசு என்று அர்த்தம். அதற்குமேல் 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்று படிகள் ஏறும். உச்சியில் இருப்பது அச்சுக்கூடத்தை விட்டு வந்தபின் யார் கையிலும் புழங்காத காசு. பழைய நகைக்குச் சேதாரம் கழிப்பதுபோல, மனிதர்கள் அதைத் தொட்டு வாழ்ந்த காலம் முழுவதும் விலையிலிருந்து கழிக்கப்படுகிறது. வரலாறு தொடாத வரலாற்றுப் பொருளுக்குத்தான் இங்கே மதிப்பு.

ஒரு காசில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன என்று நான் கருதுகிறேன். ஒன்று அதிகாரம் எழுதியது: பேரரசனின் தலை, பட்டங்கள், மறுபக்கம் ஒரு தெய்வம். மற்றது பெயரற்ற கைகள் எழுதியது: தேய்மானம். இந்த இரண்டாவதை வாசிக்கப் பயிற்சி வேண்டும். முதலில் தேய்வது மேடான இடங்கள்: காதுக்கு மேலுள்ள தலைமுடி, கன்னம், உட்கார்ந்திருக்கும் தேவியின் முழங்கால். இவை மழுங்கி, பள்ளங்கள் கூர்மையாக இருந்தால் அது புழக்கம். ஒரு பகுதி மட்டும் சப்பையாகி, அதே உயரத்தில் பக்கத்திலுள்ள பகுதி தெளிவாக இருந்தால், அடி சரியாக விழவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். விரல் எட்டாத பள்ளத்திலும் குழி விழுந்திருந்தால் அது மண்ணின் வேலை. எல்லா மழுங்கலும் மக்கள் எழுதியது அல்ல.

தேய்மானத்தை வைத்து வயதும் சொல்லிவிட முடியாது. கி.மு. 32-31இல் மார்க் ஆண்டனி தன் படையணிகளுக்குச் சம்பளம் கொடுக்க அடித்த வெள்ளி டினாரியஸை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் கப்பல், மறுபுறம் கழுகுக்கொடியும் படையணியின் எண்ணும். வெள்ளி மட்டம். நீரோ கி.பி. 64 வாக்கில் டினாரியஸின் எடையையும் மாற்றையும் குறைத்தபோது, பழைய நல்ல காசுகள் புதைகுழிக்கும் உலைக்கும் போயின. ஆண்டனியின் காசை உருக்கி என்னத்தை எடுப்பது? விட்டுவிட்டார்கள். அது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாறி வழுக்கையானது. தோற்றுப்போனவனின் மட்டமான காசுதான் அதிகமான கைகளைப் பார்த்தது.

அடுத்தது திருத்தம். அதிகாரம் தன் பிரதியைத் தானே திருத்தும். கி.பி. 211இல் காரகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொன்று அவன் நினைவையே தடைசெய்தபின், சின்ன ஆசியாவின் ஸ்டிராட்டோனிகேயா நகரக் காசுகளில் தம்பியின் முகம் மட்டும் அழிக்கப்பட்டது. எதிரே அண்ணன் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சந்தையும் திருத்தும். ஜெர்மானியரான பெக்கர் (1772-1830) தான் செய்த போலிகளை இரும்புத்தூள் பெட்டியில் போட்டு, வண்டியின் அடியில் கட்டி ஓட்டி, தேய்மானத்தையே உற்பத்தி செய்தார். இன்றைய தந்திரம் நேர்மாறு: தேய்ந்த அசல் காசில் முடியையும் எழுத்தையும் ஊசி உளியால் மறுபடி செதுக்கி, களிம்பை வழித்து, புதுக் களிம்பு பூசுவது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், கன்னம் வழுக்கையாக இருக்க முடி மட்டும் நேற்று சீவியதுபோல் நிற்கும். கைகள் அழித்த பேரரசனுக்குச் சந்தை மறுபடி முகம் கொடுக்கிறது.

இந்தக் கேள்வி நம் ஊருக்கும் வருகிறது. ரோமானியப் பொன் கடல் தாண்டி வந்த இடம் இது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலானவை. பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளிவெட்டு. நம் தோழர்களுக்கு இதைச் சொன்னால் உடனே 'எதிர்ப்பு' என்பார்கள். எனக்கும் அந்த வாசிப்பில் ஆசைதான். ஆனால் பொன்னைச் சோதித்ததாக இருக்கலாம், காசைச் செல்லாததாக்கியதாக இருக்கலாம், உருவ வழிபாட்டின் மீதான வெறுப்பாக இருக்கலாம் என்று விளக்கங்கள் பல உண்டு. செல்லாததாக்கியது என்றால் வெட்டியதும் ஓர் அதிகாரமே, மக்கள் அல்ல. நமக்குப் பிடித்த கதையை வெட்டுக்குள் செதுக்குவதும் ஒருவகையில் அந்த ஊசி உளி வேலைதான்.

வெட்டிடம் வேறு கேள்வி கேட்கலாம். அதன் உதடுகள் மழுங்கியிருக்கின்றனவா? மழுங்கியிருந்தால், வெட்டுப்பட்டபிறகும் காசு கைமாறியிருக்கிறது. செல்லாததாக்கினார்கள் என்ற வாதம் ஆட்டம் காணும். பிசிறு கலையாமல் கூர்மையாக நின்றால், வெட்டியதும் முடிந்து வைத்துவிட்டார்கள். தேய்மானம் முந்தியதா, வெட்டு முந்தியதா என்ற இந்த வரிசையில்தான் எழுத்தில் வராதவர்களின் வரலாறு கொஞ்சமாவது மிச்சமிருக்கிறது.

சந்தையில் காயம்பட்ட காசுக்கு விலை குறைவு. வெட்டை நிரப்பி மழித்துவிட்டால் விலை ஏறும். அதனால்தான் தேய்மானத்தை மதிப்பிடுவதைச் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மழிக்கப்படும் ஒவ்வொரு காசோடும் ஒரு சாட்சி வாய் மூடுகிறது. அதை வாங்குபவருக்குத் தெரிவதெல்லாம் அழகான ஒரு பேரரசன் மட்டும்தான்.