எதிரொலிப் பேச்சு

பிறர் சொன்ன சொல்லையோ தொடரையோ அதே ஏற்ற இறக்கத்தோடு திரும்பச் சொல்வது எதிரொலிப் பேச்சு. கேட்டவுடன் சொன்னால் உடனடி எதிரொலி. சில மணி நேரமோ சில மாதங்களோ கழித்துச் சொன்னால் தாமத எதிரொலி. பேச்சு பழகும் எல்லாக் குழந்தைகளிடமும் இது காணப்படும். இரண்டரை வயதுக்குப் பின் குறைந்து, மூன்று வயதையொட்டிப் பெரும்பாலும் நின்றுவிடும். ஆட்டிசம் உள்ளவர்கள் பலரிடம் பல ஆண்டுகள் நீடிக்கும். பேச்சு வராததன் அறிகுறி என்று நெடுங்காலம் கருதப்பட்ட இது, பேச்சு வரும் வழிகளுள் ஒன்று என்பதே இன்றைய தெளிவு.

கானரின் குறிப்புகள்

பால்ட்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானர், 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அவர்களில் 8 பேருக்குப் பேச்சு வந்தது, 3 பேருக்கு வரவில்லை. முதலாவதாக வரும் டொனால்டு, குளிக்க ஆசைப்பட்டால், குளிக்கிறாயா என்று தாயையே கேட்பான். ‘ஆம்’ என்று சொன்னால் தோளில் தூக்கிக்கொள்வேன் என்று தந்தை அவனுக்கு அச்சொல்லைப் பழக்கினார். விளைவு, ‘ஆம்’ என்றாலே தோளில் தூக்கு என்று பொருளாகிவிட்டது. பொதுவான ஒப்புதலாக அதைப் பயன்படுத்த அவனுக்கு நெடுநாள் பிடித்தது.

இத்தகைய பேச்சு பிறருக்குச் செய்தி சொல்வதற்கு உதவவில்லை என்று 1943இல் எழுதிய கானர், 1946இல் தம் கருத்தைப் பெரிதும் மாற்றிக்கொண்டார். ஆட்டிசப் பேச்சின் ‘உருவகத் தன்மை’ பற்றிய அக்கட்டுரையில் பால் என்ற சிறுவன் வருகிறான். தாய் சமையலறையில் ஒரு குழந்தைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது வாணலி கை தவறி விழுந்தது. அன்றுமுதல் வாணலி போன்ற எதைப் பார்த்தாலும் அந்தப் பாட்டின் சொற்களான ‘பீட்டர் ஈட்டர்’ என்பதையே சொன்னான். கேட்பவருக்கு உளறல், அந்தச் சமையலறையில் இருந்தவருக்கு முழுப் பொருள். துறையின் பிற்கால வாதங்கள் அனைத்துக்கும் இந்த வாணலியே தொடக்கம் எனலாம். ஆயினும் 1946ஆம் ஆண்டுக் கட்டுரை, முதல் கட்டுரை அளவுக்குப் படிக்கப்படவில்லை.

அடக்கும் காலம்

கலிபோர்னியாவில் உளவியலாளர் இவார் லோவாஸ் குழுவினர், பேச்சற்ற இரு சிறுவர்களுக்கு உணவை வெகுமதியாகத் தந்து ஒலிகளைப் போலச் செய்யப் பழக்கியதை 1966இல் வெளியிட்டனர். அடுத்த பத்தாண்டுகளில் நடத்தைப் பயிற்சியாளர்கள் பலர், குழந்தை தானாக எதிரொலிப்பதைக் களைய வேண்டிய பழக்கமாக நடத்தினர். தாங்கள் கேட்டபோது எதிரொலித்தால் பாராட்டு, கேளாதபோது எதிரொலித்தால் தடை என்ற முரண் அவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை.

பயன்களின் வகைப்பாடு

திருப்பம் 1981இல் வந்தது. பேச்சு ஆய்வாளர்கள் பேரி பிரிசான்ட், ஜூடித் டூகன் இருவரும் ஆட்டிசம் உள்ள நான்கு குழந்தைகளை வீட்டிலும் பள்ளியிலும் ஒளிப்பதிவு செய்து, 1,009 உடனடி எதிரொலிகளை ஆராய்ந்தனர். சொல் மட்டுமன்றி, சொல்லும்போது குழந்தை எங்கே பார்க்கிறது, எதைத் தொடுகிறது, எவ்வளவு இடைவெளி விடுகிறது என்பனவும் கணக்கில் வந்தன. ஏழு பயன்கள் வகுக்கப்பட்டன. பேச்சில் தன் முறையை நிரப்புதல், ஒப்புதல், வேண்டியதைக் கேட்டல், விடை சொல்லுமுன் ஒத்திகை பார்த்தல், தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளுதல் ஆகியன அவற்றுள் சில. எந்த நோக்கமும் புலப்படாத எதிரொலிக்கும் ஒரு வகை உண்டு. 1984இல் பிரிசான்ட், பாட்ரிக் ரைடலுடன் சேர்ந்து தாமத எதிரொலிக்கு 14 பயன்களை வகுத்தார்.

சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், முழுத் தொடரையே ஒரே அலகாகப் பற்றிக்கொண்டு பின்னர் உடைக்கும் குழந்தைகளும் உண்டு என்று மொழியியலாளர் ஆன் பீட்டர்ஸ் 1977இலேயே எழுதியிருந்தார். இதையும் பிரிசான்டின் ஆய்வையும் இணைத்துப் பேச்சுப் பயிற்சியாளர் மார்ஜ் பிளாங்க் 2012இல் படிநிலைகளாக்கினார். ‘கடைக்குப் போலாமா’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லும் குழந்தை, பிறகு ‘பார்க்குக்குப் போலாமா’ என்று மாற்றிக் கோக்கும். பின் ‘பார்க்’ தனித்து நிற்கும். அதன்பின் சொந்த வாக்கியம் வரும். இப்படிநிலைகளின்படி அளிக்கும் பயிற்சிக்குப் போதிய சான்றில்லை என்று சில ஆய்வாளர்கள் கூறுவர்.

தமிழ்க் குழந்தைகளிடம்

எதிரொலிக்கும்போது ‘நான்’, ‘நீ’ இடம் மாறுவது ஆங்கிலத்தில் பளிச்செனத் தெரியும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டே பேசுவதால் மாற்றம் வினைமுற்றில் ஒளிந்திருக்கும். பசிக்கும் குழந்தை ‘சாப்பிடுறியா’ என்று வந்து நிற்கும். ‘தண்ணி வேணுமா’ என்று தண்ணீர் கேட்பதில் மிகுதியாக இருப்பது ஈற்று ‘ஆ’ மட்டுமே. அப்போது ‘என்ன வேணும்னு ஒழுங்கா சொல்லு’ என்றால் அதுவும் திரும்ப வரும். குழந்தை சொல்லவேண்டிய வடிவிலேயே ‘தண்ணி வேணும்’ என்று சொல்லி, சற்று நிறுத்தி, தண்ணீரைக் கொடுப்பது பேச்சுப் பயிற்சியாளர்களின் வழக்கம். கேள்விகளைக் குறைப்பதும் உதவும். பதற்றத்தில் விளம்பர வாசகத்தையோ சினிமா வசனத்தையோ ஒப்பிக்கும் குழந்தையிடம், அதை முதலில் எங்கே, எந்த மனநிலையில் கேட்டது என்று தேடுவது வாயை மூடு என்பதைவிடப் பயன் தரும்.

இன்றைய நிலை

2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 5ஆம் பதிப்பு எதிரொலிப் பேச்சை இன்னும் திரும்பத்திரும்பச் செய்யும் நடத்தைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. படப் பலகைகளும் குரல் செயலிகளும் பேச்சுக்குத் துணையாகப் பயிற்சியோடு சேர்த்துப் பயன்படுகின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி அவற்றுள் ஒன்று.