சாய்ந்த சக்கரம்: வேகத்தைப் படம்பிடித்த ஒரு பிழையின் வரலாறு

அசையாத ஒரு படத்தில் பந்தயக் காரின் வேகத்தைக் காட்டுவது எவ்வாறு? கேமராவின் துல்லியம் கூடக்கூட இச்சிக்கல் தீர்வதற்கு மாறாக வளர்ந்தே வந்தது. 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ், வரிசையாக நிறுத்திய கேமராக்களால் ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுவது ஐயமற நிறுவப்பட்டது. எனினும் அப்படங்களுள் ஒன்றைத் தனியே எடுத்து நோக்கினால், குதிரை அந்தரத்தில் உறைந்து நிற்பதாகவே தோன்றும். காரின் நிலை இன்னும் கடினம். குதிரைக்கு மடங்கிய காலேனும் ஓட்டத்தை உணர்த்தும். காரில் அவ்வாறு மடங்கும் உறுப்பு ஏதுமில்லை. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பதிவானால், விரையும் காரும் நிறுத்தி வைத்த காரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

இச்சிக்கலுக்கான புகழ்பெற்ற விடையொன்று ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு ஆட்டோமொபைல் கழகத்தின் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ழாக் ஆன்றி லார்திகே என்னும் இளைஞர் எடுத்த படம் அது. கார் வலப்புறமாகப் பாய்கிறது. அதன் முன்பகுதி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. பின்சக்கரம் வட்டமாக இல்லை. முன்னோக்கிச் சாய்ந்த முட்டை வடிவில் இருக்கிறது. சாலையோரத்துப் பார்வையாளர்களும் கம்பங்களும் எதிர்த்திசையில் சாய்ந்து நிற்கின்றனர்.

இதற்குக் காரணம் அக்காலத்து ஃபோக்கல் பிளேன் ஷட்டர். கண்ணாடித் தகட்டின் முன்னே, குறுகிய பிளவு கொண்ட துணித்திரை ஒன்று மேலிருந்து கீழாக இறங்கும். தகட்டின் எல்லாப் பகுதிகளிலும் ஒருசேர ஒளி விழுவதில்லை; பிளவு கடக்கும் பகுதியில் மட்டுமே விழும். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக்குவதால், சக்கரத்தின் அடிப்பாகம் முதலிலும் உச்சி இறுதியிலும் பதிவாகும். அந்தச் சிறு இடைவெளிக்குள் கார் முன்னேறிவிடுவதால் உச்சி முன்னே தள்ளிப் பதிகிறது. லார்திகே காரைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பவும் செய்தார். ஆயின் காரின் வேகத்துக்கு அது ஈடாகவில்லை. கேமரா திரும்பியதால் அசையாமல் நின்ற மனிதர்கள் பின்னோக்கிச் சாய்ந்தனர். ஆக, அப்படத்தின் அடியும் உச்சியும் இரு வேறு கணங்களுக்கு உரியவை. சக்கரத்தின் வடிவத்தைத் தவறாகக் காட்டும் அதே சாய்வு, கார் நகர்ந்தது என்பதற்கான மெய்யான தடயமாகவும் இருக்கிறது.

பல பத்தாண்டுகள் இப்படம் பொதுப்பார்வைக்கு வரவில்லை. லார்திகே தம்மை ஓவியராகவே கருதி வாழ்ந்தார். 1963-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் சர்கோவ்ஸ்கி அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு நவம்பரில், கென்னடி படுகொலைச் செய்தியைத் தாங்கி வந்த ‘லைஃப்’ இதழில் அவர் படங்களும் இடம்பெற்றன. அறுபது வயதைக் கடந்தபின் அவர் உலகப் புகழ் பெற்றார்.

வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. ‘1912 ஜூன் 26, தியெப், தெலாஜ் கார்’ என்ற குறிப்புடனேயே இப்படம் நெடுங்காலம் அச்சேறியது. பின்னர் அது திருத்தப்பட்டது: பந்தயம் 1913 ஜூலை 12 அன்று அமியானில் நடந்தது, கார் ஷ்னைடர் நிறுவனத்துடையது, ஓட்டியவர் ரெனே குரோகே. காரின் பின்புறத்தில் 6 என்ற எண் யாவரும் காணும்படி இருந்தது. சாய்ந்த சக்கரத்தைக் கண்டு வியந்த கண்கள் அந்த எண்ணைச் சோதிக்கவில்லை. ‘திரிபுற்றது’ எனப்பட்ட படம் உண்மையான எண்ணைக் காத்து வைத்திருந்தது. ஐயுறாமல் நம்பப்பட்ட தலைப்புக் குறிப்புதான் தவறியது.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் இன்னொன்றும் புலப்படுகிறது. நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கும். லார்திகேயின் சாய்ந்த சக்கரம் காரணக்குறி. கருவியின் இயக்கமே அதன் காரணம். கேலிச்சித்திரக்காரர் காகிதத்தில் காரை வரைகையில் எந்த ஷட்டரும் இறங்குவதில்லை. ஆயினும் சக்கரத்தைச் சாய்த்தே வரைகிறார், நாமும் ‘வேகம்’ என்று படித்துக்கொள்கிறோம். காரணம் மறைந்து குறி மட்டும் எஞ்சி, இடுகுறி போல் வழங்குகிறது.

இன்றைய பந்தயப் புகைப்படக்காரர்கள் வேறொரு குறியைக் கையாளுகின்றனர். ஷட்டர் வேகத்தை வேண்டுமென்றே 1/60 அல்லது 1/125 நொடி அளவுக்குக் குறைத்து, காரின் ஓட்டத்தோடு கேமராவையும் சீராகத் திருப்புகின்றனர். கார் தெளிவாக நிற்க, பின்னணி கோடுகளாகக் கரைகிறது. சக்கரத்தின் ஆரங்கள் சுழற்சியில் கலங்குகின்றன. ‘பேனிங்’ எனப்படும் இம்முறையில் லார்திகேக்குக் கைகூடாத இணக்கம் கைகூடுகிறது. இங்கும் படத்தின் ஒரு பகுதியில் துல்லியத்தைக் கைவிட்டே வேகம் பெறப்படுகிறது.

பழைய சாய்வும் மறைந்துவிடவில்லை. நம் கைப்பேசிக் கேமராக்களுள் பெரும்பாலானவை காட்சியை வரிவரியாகவே பதிகின்றன. ஓடும் ரயிலிலிருந்து படமெடுத்தால் மின்கம்பங்கள் சாய்வது அதனால்தான். ஒரு புகைப்படத்தைச் சான்றாகக் கொள்ளுமுன் அதை எடுத்த கருவி எவ்வாறு இயங்கியது என்பதையும், அதன் கீழுள்ள குறிப்பை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதையும் தனித்தனியே கேட்பது நம் ஆய்வுப் பழக்கமாக வேண்டும். உங்கள் துறையில் இவ்வாறு தவறான குறிப்போடு நெடுநாள் உலவிய படங்கள் உண்டெனில் கீழே பகிருங்கள்.