இன்னொரு சேலம்: சாத்தான் பேரில் எழுதிய பற்று

சேலம் என்றதும் மாம்பழமும் இரும்பாலையும் ஞாபகம் வருகிறதா? சந்தோஷம். ஆனால் இன்று சொல்லப் போவது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் இன்னொரு சேலம். 1692-ல் அங்கே நடந்த சூனியக்காரி வழக்குகளைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கென்னவோ வழக்கை விட, எல்லாம் முடிந்த பிறகு யார் யார் எப்படி மன்னிப்புக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் கதைச் சுருக்கம். அப்போது மாசசூசெட்ஸ் இங்கிலாந்தின் காலனி. 1692 தொடக்கத்தில் சேலம் கிராமத்தில் (இன்று அதன் பெயர் டான்வர்ஸ்) பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி ஏதோ வந்தது. ஒருத்திக்கு 9 வயது, இன்னொருத்திக்கு 11. இது சூனியம்தான் என்று பேச்சு கிளம்பியது. "யார் செய்தது, சொல்லு" என்று பெரியவர்கள் துருவித் துருவிக் கேட்க, பெயர்கள் வந்தன. முதலில் மாட்டியவர்கள் மூன்று பெண்கள். அந்த வீட்டு அடிமை டிடூபா, பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட், சொத்துத் தகராறில் இருந்த நோயாளி சாரா ஆஸ்பர்ன். மூவருமே கேட்க நாதியில்லாதவர்கள். அதன் பிறகு வசதியான வீட்டுக்காரர்கள் பெயரும் வர ஆரம்பித்தது.

கோர்ட்டில் காட்டிய சாட்சியம் எப்படிப்பட்டது தெரியுமா? "இவளுடைய ஆவி ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது" என்று சொன்னால் போதும். அந்த ஆவி வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. இதில் பெரிய கொடுமை, "ஆமாம், நான் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவள்தான்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் யாரும் தூக்கில் ஏறவில்லை. "நான் நிரபராதி" என்று உண்மையைச் சொல்லி உறுதியாக நின்றவர்கள்தான் ஏறினார்கள்.

ரெபேக்கா நர்ஸ் என்ற 71 வயதுப் பாட்டியை ஜூரிகள் முதலில் விடுதலை செய்தார்கள். நீதிபதிகள் திரும்ப யோசிக்கச் சொன்னார்கள். பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதையே குற்றமாக எடுத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினார்கள். 1692 ஜூலை 19-ல் தூக்கு.

மொத்தம் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பதில் மனு சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி என்ற 80 வயதையொட்டிய கிழவரை மேலே கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது 5 பேர் சிறையிலேயே இறந்தார்கள். 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். அக்டோபரில் கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் அந்த விசேஷ கோர்ட்டைக் கலைத்தார். இதிலும் ஒரு கூத்து, விடுதலையானவர்கள் சிறையில் இருந்த நாட்களுக்கான செலவைக் கட்டினால்தான் வெளியே வர முடியும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாங்கில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. ஒரு தொகை யார் கணக்கில் போக வேண்டும் என்று உடனே தெரியாவிட்டால் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். சீக்கிரமே உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். சேலம் மக்களுக்கு சாத்தான் அப்படிப்பட்ட ஒரு கணக்காகிவிட்டான். 20 உயிர்களை அவன் பேரில் பற்று எழுதிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

1697 ஜனவரி 14-ஐ அரசாங்கம் பிராயச்சித்த உபவாச நாளாக அறிவித்தது. அந்த அறிவிப்பே, நடந்த துயரத்தைக் கிளப்பிவிட்டது சாத்தானும் அவன் ஆட்களும் என்றுதான் சொன்னது. அதே வருஷம் 12 ஜூரிகள் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். வருத்தம் உண்மையானதுதான். ஆனாலும் இருளின் சக்திகள் எங்களை மயக்கின, அதைத் தாங்கும் திறன் எங்களுக்கு இல்லை என்கிற தொனி.

ஆன் பட்னம் என்ற பெண், 1692-ல் 12 வயதுச் சிறுமி. 60 பேருக்கு மேல் பெயர் சொன்னவள். 1706-ல் சர்ச்சில் எழுந்து நிற்க, அவளுடைய அறிக்கையைப் பாதிரியார் வாசித்தார். அதில், கோபத்திலோ பகையிலோ செய்யவில்லை, சாத்தானின் மாயையில் சிக்கிச் செய்தேன் என்று இருந்தது. அந்தக் குழந்தையை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். பல புகார்களில் கையெழுத்துப் போட்டது அவளுடைய அப்பா தாமஸ் பட்னம். நில எல்லைத் தகராறும் சர்ச் கோஷ்டிச் சண்டையும் ஊரில் ஏற்கனவே இருந்தன. 1706-ல் அவர் உயிரோடு இல்லை. பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன பாக்கியை மகள் சுமந்தாள்.

வித்தியாசமானவர் சாமுவேல் சீவால். 9 நீதிபதிகளில் ஒருவர், அப்போது வயது 40. அந்த உபவாச நாளன்று பாஸ்டன் சர்ச்சில், எல்லோரும் பார்க்க எழுந்து நின்றார். அவருடைய சீட்டைப் பாதிரியார் வாசித்தார். பழியும் அவமானமும் என்னுடையவை, கடவுளும் மனிதர்களும் மன்னிக்க வேண்டும் என்பது சாரம். மயங்கிவிட்டேன், ஏமாந்துவிட்டேன் என்ற சமாதானம் அதில் கிடையாது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அவர் ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். கடவுள் தண்டிக்கிறார் என்ற பயமும் அவரை உலுக்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீவாலும் சாத்தான் இருக்கிறான் என்று முழுசாக நம்பியவர்தான். நம்பிக்கையை விடாமலே, தன் கணக்கைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். 1700-ல் அடிமை வியாபாரத்தை எதிர்த்து ஒரு சிறு நூலும் வெளியிட்டார்.

தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன்? கடைசி வரை வருத்தம் தெரிவிக்கவே இல்லை. பொறுப்பு கவர்னராகவும் இருந்துவிட்டுப் போனார்.

"அந்தக் காலத்து நம்பிக்கை அப்படி, அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். அதே நீதிபதிகளில் நதானியேல் சால்டன்ஸ்டால் என்று ஒருவர் இருந்தார். முதல் தூக்கு நடந்த ஜூன் மாதத்திலேயே இது சரியில்லை என்று விலகிவிட்டார். அதே ஊர், அதே மதம், அதே சாத்தான். ஆனாலும் ஒரு மனிதரால் எழுந்து வெளியே போக முடிந்தது. அதனால் அந்த சமாதானம் செல்லாது.

1711-ல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 578 பவுண்டு 12 ஷில்லிங் நஷ்ட ஈடு ஒதுக்கினார்கள். எலிசபெத் ஜான்சன் என்ற ஒரு பெண்ணின் பெயர் விட்டுப்போய், 2022-ல்தான் சட்டப்படி நீங்கியது. அதற்கு முயற்சி எடுத்தது ஒரு பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் டீச்சரும். 330 வருஷம் நிலுவையில் கிடந்த பாக்கி!

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று ஒதுக்க முடியாது. நான் வேலை பார்க்கும் ஜார்க்கண்டில் 'டாயன்' என்று பட்டம் கட்டிப் பெண்களை அடிப்பதும் கொல்வதும் இந்த நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது. பீகார் 1999-ல் இதற்கென்றே சட்டம் கொண்டு வந்தது, ஜார்க்கண்ட் 2001-ல் அதை ஏற்றுக்கொண்டது. அப்படிப் பட்டம் கட்டித் துரத்தப்பட்ட சுட்னி தேவி, பிறகு தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றப் பாடுபட்டார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பல வழக்குகளில் பேயை விலக்கிப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரு விதவையின் துண்டு நிலம்.

நம் வீடுகளில் சூனியம் இல்லை, ஆனால் சஸ்பென்ஸ் கணக்கு உண்டு. "சனி பிடிச்சு ஆட்டுது." "பையன் தங்கம், சேர்க்கைதான் சரியில்லை." பெண்டாட்டியை அடித்தவனுக்கு, "அவரா அடிச்சார்? உள்ளே போன சரக்கு அடிச்சுது." அடி வாங்கியவளுக்கு இதனால் வலி குறைகிறதா? அடித்தவனுக்குத்தான் மறுநாள் சௌகரியம்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. 'உடைந்தது' என்றும் சொல்லலாம், 'உடைத்தேன்' என்றும் சொல்லலாம். இங்கே வளரும் நம் பிள்ளைகள் டம்ளரைப் போட்டுவிட்டு "டூட் கயா" என்கிறார்கள், அதாவது தானாக உடைந்துவிட்டதாம். 'உடைத்தேன்' என்ற சொல்லையும் நாம்தான் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். சொன்னால் அடி விழாது என்ற தைரியத்தையும் சேர்த்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை ஏன் சொல்லப் போகிறது?

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.