அடைக்கோழியும் ஒரு துருப்பிடிச்ச லாடமும்

எங்க அப்பத்தா கோழி அடை வைக்கிறதைப் பார்க்கணும், ஒரு சடங்கு மாதிரி நடக்கும். பழைய கூடையில மணல், மேல வைக்கோல், அதுக்கு மேல 11 முட்டை. 9 இல்லேன்னா 11, எப்பவும் ஒத்தப்படைதான். ஓரத்துல ஒரு துருப்பிடிச்ச லாடமும் ரெண்டு அடுப்புக்கரியும் கிடக்கும். "எதுக்கு அப்பத்தா இரும்பு?"ன்னு கேட்டா, "இடி இடிச்சா கூமுட்டையாப் போயிரும்டா, இரும்பு கெடந்தா ஒண்ணும் செய்யாது"ன்னு பதில் வரும்.

பத்தாவது படிக்கிறப்போ இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு அவங்ககிட்ட மேதாவியாட்டம் சண்டை போட்டிருக்கேன் :-)

ரொம்ப வருஷம் கழிச்சு கொலுமெல்லாவைப் படிச்சப்போதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. கி.பி. முதல் நூற்றாண்டு ஆளு. ஸ்பெயின்ல பிறந்து இத்தாலியில விவசாயம் பார்த்தவர். விவசாயத்தைப் பத்தி 12 பாகத்துல எழுதின புத்தகத்துல 8-வது பாகம் கோழி, வாத்து சமாச்சாரம். அடை வைக்கிற முட்டை ஒத்தப்படையில இருக்கணுமாம். 21 நாள் கணக்கும் இருக்கு. இடியில முட்டை கெடாம இருக்க ஜனங்க வைக்கோலுக்கு அடியில இரும்பு ஆணியும் பூண்டும் வைப்பாங்கன்னும் எழுதியிருக்கார். லாடத்துக்குப் பதிலா ஆணி, அவ்வளவுதான் வித்தியாசம்!

இன்னொண்ணும் இருக்கு. இளங்கோழி அடைக்கு உட்கார்ந்தா அதோட மூக்குத் துவாரத்துல ஒரு சின்ன இறகைச் செருகிவிட்டா அடை தெளிஞ்சிடுமாம். எங்க ஊர்லயும் அதே வைத்தியம்தான்.

காரணம் இல்லாம இல்லை. கோழி அடைக்கு உட்கார்ந்தா அதோட ரத்தத்துல புரோலாக்டின்ங்கிற ஹார்மோன் ஏறும், முட்டையிடுறது நின்னுடும். ரெண்டாயிரம் வருஷமா மனுஷனுக்கும் கோழிக்கும் நடந்த இழுபறி இதுதான். குஞ்சு வேணும்னா அடை வேணும், முட்டை வேணும்னா அடை கூடாது.

அந்த இழுபறி முடிஞ்சது இன்குபேட்டர் பரவினப்போதான். 1879-ல கலிபோர்னியாவில் இருக்கிற பெட்டலூமாவில் லைமன் பைஸ்ங்கிறவர் ஒண்ணு செஞ்சார், அந்த ஊரே கோழிப்பண்ணை ஊராச்சு. பொரிக்கிற வேலையை மெஷின் எடுத்துக்கிச்சு. அதனால அடைக்கு உட்காராத கோழியாப் பார்த்துப் பார்த்து இனப்பெருக்கம் செஞ்சாங்க. அதுல ஜெயிச்சது வெள்ளை லெகார்ன். இத்தாலியில் லிவோர்னோ துறைமுகத்தோட பேரைத் தாங்கி வந்த இனம். ஆமா, கொலுமெல்லா விவசாயம் பார்த்த அதே இத்தாலிதான். நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டை போட்டா, நாமக்கல் பண்ணைக்கோழி முந்நூறு வரைக்கும் போடும். ஆனா அதுக்கு அடைன்னா என்னன்னே தெரியாது.

இதை நான் வேற விதமா, முன்னாடியே கத்துக்கிட்டேன். ஆறாவது படிக்கிறப்போ, அப்பத்தா ஊர்ல இல்லாத நேரம், கோழி அடைக்குக் கேறிக்கிட்டு இருந்துச்சு. நானே வைக்கிறேன்னு கடையில 9 வெள்ளை முட்டை வாங்கிவந்து வெச்சேன். லாடம், கரி எல்லாம் கரெக்டா வெச்சேன். சேவலே பார்க்காத பண்ணைக்கோழி முட்டையில கரு இருக்காதுங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியல.

கோழி உட்கார்ந்துச்சு. தெனமும் ஒரு தடவை இறங்கி, ரெண்டு வாய் கொத்திட்டு ஓடிப்போய் உட்காரும். கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பிச்சுது. 21 நாள் ஆச்சு, 25-ம் ஆச்சு. எந்திரிக்கவே இல்லை. அப்பத்தா வந்து முட்டையைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்தாங்க. அத்தனையும் கூமுட்டை.

அடி விழும்னு நின்னேன். விழலை. "அது நம்பி உட்கார்ந்துச்சுடா"ன்னு மட்டும் சொல்லிட்டு, கோழியைத் தூக்கி மடியில வெச்சு கம்பு ஊட்டினாங்க.

இப்போ அப்பத்தா இல்லை. லாடம் எங்கிட்டதான் இருக்கு. உங்க ஊர்ல அடைக்கூடையில என்ன வைப்பாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.