"நிதியில்லை" என்பது சட்டப்படியான பதில் அல்ல: நகராட்சி வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தமிழ்நாட்டின் நகர்மன்றங்கள் அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகின்றன. சட்டமன்றத்தின் நிதிநிலை அறிக்கைக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால், சேரித் தெருவில் வடிகால் அமையுமா, பொதுக் கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா, சுடுகாட்டுப் பாதையில் விளக்கு எரியுமா என்பவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தக் கூட்டமே.

அடிப்படை வசதி கேட்டு மனு அளிக்கும் தலித் குடியிருப்புகளுக்கு நகராட்சி அலுவலகங்கள் தரும் வழக்கமான விடை, "நிதி ஆதாரம் இல்லை, நிதி பெறப்பட்டதும் பரிசீலிக்கப்படும்" என்பதுதான். இந்த விடையைச் சட்டம் ஏற்கிறதா, இதை எதிர்கொள்ள வரவு செலவுத் திட்டத்தின் எந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ரத்லம் வழக்கு சொன்னது என்ன?

மத்தியப் பிரதேசத்தில் உள்ள ரத்லம் ஒரு சிறு நகரம். அதன் 12ஆவது வார்டு மக்கள் திறந்த சாக்கடை, மதுபான ஆலையின் கழிவுநீர், கழிப்பறை இல்லாத குடிசைவாசிகள் தெருவோரத்தைப் பயன்படுத்த வேண்டிய நிலை ஆகியவற்றை எதிர்த்து உட்கோட்ட நடுவரை அணுகினார்கள். வடிகாலும் கழிப்பறையும் அமைக்குமாறு நடுவர் ஆணையிட்டார். போதிய நிதி இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1980 ஜூலை 29 அன்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை நிராகரித்தது. பொதுச் சுகாதாரத்தைப் பேணுவது நகராட்சியின் சட்டக் கடமை. மனித கண்ணியத்தோடு தொடர்புடைய அந்தக் கடமையிலிருந்து நிதிப் பற்றாக்குறையைக் காட்டித் தப்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆறு மாதங்களுக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பொதுக் கழிப்பறைகளைக் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் காலக்கெடு விதித்தது. முன்னுரிமை குறைந்த செலவினங்களையும் வசதி படைத்தோருக்கான திட்டங்களையும் குறைத்து, மிச்சமாகும் பணத்தைச் சுகாதாரத்துக்குத் திருப்புமாறு பணித்தது. அதாவது, வரவு செலவுத் திட்டத்தின் முன்னுரிமைகளையே அது கேள்விக்கு உட்படுத்தியது.

இத்தீர்ப்பைக் கொண்டாடுவோர் கடந்து செல்லும் ஒரு வரி அதில் இருக்கிறது. கழிப்பறைகளில் காலையும் மாலையும் துப்புரவுப் பணி நடைபெற வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அந்தப் பணியைச் செய்யப்போவது யார், எந்தக் கருவியைக் கொண்டு, என்ன ஊதியத்துக்கு என்று அது கேட்கவில்லை. 1980இல் கேட்கப்படாத அந்தக் கேள்வியை இன்று ஒவ்வொரு நகராட்சியின் செலவுப் பக்கத்திலும் நாம் கேட்டாக வேண்டும்.

அரசியலமைப்பின் அடித்தளம்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் உள்ளன. குடிநீர், பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, நலிந்த பிரிவினரின் நலன் காத்தல், இடுகாடு சுடுகாடு, தெருவிளக்கு ஆகியவை அவற்றுள் அடங்கும். தமிழ்நாட்டில் இப்பணிகளுக்கான விரிவான சட்டம், 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998.

புறம்போக்கு நிலத்தில் வாழ்வோரிடம் "நீங்கள் சொத்துவரி கட்டுவதில்லை" என்று சொல்லப்படுவதுண்டு. பன்னிரண்டாம் அட்டவணை குடிசைப் பகுதிகளைத் தனி இனமாகவே குறிப்பிடுகிறது. வரி செலுத்தும் தெருவுக்கே சுகாதாரம் என்ற நிபந்தனை அதில் இல்லை. ரத்லம் தீர்ப்பும் குடிசைவாசிகளுக்கான கழிப்பறையை நகராட்சியின் கடமையாகவே கண்டது.

அரசியலமைப்பின் 243டி பிரிவு, பட்டியல் சாதியினரின் மக்கள்தொகைக்கு ஏற்ப உறுப்பினர் இடங்களை ஒதுக்குகிறது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரையோ தலைவரையோ கடமையாற்ற விடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ்க் குற்றம். வரவு செலவுக் கூட்டத்தில் ஒரு தலித் உறுப்பினரைப் பேசவிடாமல் அச்சுறுத்துவதை "மன்ற அரசியல்" என்று ஒதுக்கிவிட முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது?

நகராட்சியின் வரவை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, சொந்த வருவாய்: சொத்துவரி, தொழில்வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பேருந்து நிலையக் குத்தகை போன்றவை. இரண்டாவது, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில வரி வருவாயிலிருந்து கிடைக்கும் பங்கு. மூன்றாவது, ஒன்றிய நிதி ஆணைய மானியமும் திட்டங்களுக்கான நிதியும் கடன்களும்.

மூன்றாவது வகையில் நமக்குப் பயன்படும் ஒரு விவரம் உண்டு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த 15ஆவது நிதி ஆணையம், பத்து இலட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களின் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் உரியதாகக் கட்டுப்படுத்தியது. எனவே, அந்த ஆண்டுகளில் கழிப்பறைக்கு நிதியில்லை என்று பதில் தந்த நகராட்சியிடம், அந்த 60 விழுக்காடு எந்தெந்தத் தெருக்களில் செலவிடப்பட்டது என்ற கணக்கைக் கேட்கலாம்.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனியே பராமரிக்கப்படுகின்றன. "நிதி இல்லை" என்ற பதில் வந்தால் அடுத்த கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: எந்த நிதியில் இல்லை?

நான்கு பத்திகள்

வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு செலவினத்துக்கும் எதிரே பொதுவாக நான்கு தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தித்தாளில் வருவது நான்காவது தொகை. உண்மையைச் சொல்வது முதலாவதும் மூன்றாவதும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைக் கற்பனை செய்துகொள்வோம். பொதுக் கழிப்பறைப் பராமரிப்புக்கு நடப்பாண்டில் 40 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. திருத்திய மதிப்பீட்டில் அது 12 இலட்சமாகச் சுருங்கியது. வரும் ஆண்டுக்கு மீண்டும் 40 இலட்சம் எழுதப்பட்டுள்ளது. இங்கே சிக்கல் நிதிப் பற்றாக்குறையா, ஒதுக்கியதைச் செலவிடாமையா என்று மன்றத்தில் கேட்க முடியும். அதே ஆண்டில் வேறெந்தச் செலவினத்தின் திருத்திய மதிப்பீடு உயர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பணம் எத்திசையில் நகர்ந்தது என்பது புலப்படும்.

சேரி மறையும் இரண்டு இடங்கள்

முதலாவது, "நகர் முழுவதும்" அல்லது "பல்வேறு வார்டுகளில்" என்ற சொற்கள். வரவு செலவுத் திட்டம் செலவின வாரியாக எழுதப்படுகிறது. இடம் வாரியாக அல்ல. சாலைக்கு ஒரு தொகை, விளக்குக்கு ஒரு தொகை என்றே அது பேசும். ஊர்த் தெருவுக்கு எவ்வளவு, சேரித் தெருவுக்கு எவ்வளவு என்பதை ஆவணம் தானாகச் சொல்லாது. ஆகவே, ஒவ்வொரு பணியின் இடமும் மதிப்பீடும் கொண்ட வார்டு வாரியான பணிப் பட்டியலை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். பாகுபாட்டை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க அந்தப் பட்டியல் முதன்மையான சான்று.

இரண்டாவது, தூய்மைப் பணியின் செலவு. 2022 அக்டோபரில் வெளியான அரசாணை 152, மாநகராட்சிகளில் தூய்மைப் பணி உள்ளிட்டவற்றை வெளிமுகமைக்கு மாற்ற வழிவகுத்தது. இதன் விளைவு கணக்கேட்டிலும் தெரியும். "ஊதியம்" என்ற தலைப்பில் இருந்த தொழிலாளர்கள் "ஒப்பந்தச் செலவு" என்ற ஒற்றை வரிக்குள் மறைகிறார்கள். ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது தெரியும். தொழிலாளியின் கையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, வருங்கால வைப்பு நிதி கட்டப்பட்டதா என்பது தெரியாது. பெரும்பாலும் தலித்துகளாகவே உள்ள இத்தொழிலாளர்களின் கூலிக்கு, முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் நகராட்சிக்கும் பொறுப்புண்டு.

கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடைவிதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் தூய்மை செய்ய உரிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவதை உள்ளாட்சிகளின் கடமையாக்குகிறது. எனவே, இயந்திரங்களுக்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கும் ஒதுக்கீடே இல்லாத ஒரு வரவு செலவுத் திட்டம், சட்டம் விதித்த கடமையைத் தவறவிட்ட ஆவணம். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2014இல் 10 இலட்சம் ரூபாய் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது.

தனி ஒதுக்கீடு சாத்தியமா?

கர்நாடகத்தில் நகர உள்ளாட்சிகள் 24.10 விழுக்காட்டு நிதியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கென ஒதுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. கேரளத்தில் பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதியின் ஒரு பகுதி உள்ளாட்சிகளுக்கே தனியாக வழங்கப்படுகிறது. தமிழ்நாடு 2024இல் இயற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் வரவேற்கத்தக்கது. ஆயினும் அது மாநிலத் துறைகளின் ஒதுக்கீட்டையே முதன்மையாகக் கொண்டது. நகராட்சி தன் சொந்த வருவாயிலும் தலித் குடியிருப்புகளுக்கு உரிய பங்கை ஒதுக்க வேண்டும் என்பது அடுத்த கட்டக் கோரிக்கையாக எழ வேண்டும்.

அக்கோரிக்கையை எழுப்பும்போது கர்நாடக அனுபவத்தின் மறுபக்கத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். பொதுவான திட்டங்களின் ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினருக்கான செலவாகக் கருதிக்கொள்ள, அம்மாநிலத் துணைத்திட்டச் சட்டத்தின் 7(டி) பிரிவு இடமளித்தது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2023இல் அது நீக்கப்பட்டது. விழுக்காடு மட்டும் போதாது. எதைச் செலவாகக் கணக்கிடலாம் என்ற வரையறையும் வேண்டும்.

எப்போது, என்ன செய்வது?

டிசம்பருக்குள்: தெரு வாரியாகத் தேவைகளைப் பட்டியலிட்டு ஆணையருக்கும் வார்டு உறுப்பினருக்கும் எழுத்தில் அளித்து ஒப்புகை பெறுக. 2022இல் விதிகள் வகுக்கப்பட்ட வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் அதைத் தீர்மானமாக்குக.

கூட்டத்துக்கு முன்: மூன்று ஆண்டுகளின் வரவு செலவுத் திட்டங்களையும் பணிப் பட்டியல்களையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறுக. ஒதுக்கீட்டையும் செலவையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு. மனுவுக்கான பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும்.

கூட்டத்தில்: உறுப்பினரின் ஆட்சேபணை கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாவதை உறுதி செய்க. வாய்மொழி எதிர்ப்பு வழக்கில் உதவாது.

பிறகும் பலனில்லையெனில்: உயர் நீதிமன்றத்தில் 226ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு, அல்லது ரத்லம் மக்கள் சென்ற வழியில், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின்கீழ் பொதுத் தொல்லையை அகற்றக் கோரும் மனு.

நீதிமன்றங்கள் வரவு செலவுத் திட்டத்தை எழுதித் தருவதில்லை. கொள்கை முடிவு என்றால் தயங்கவும் செய்யும். ஆகவே, "எங்கள் பகுதியை மேம்படுத்துக" என்ற பொதுவான வேண்டுகோளைவிட, "இந்தத் தெருவில், இந்தச் சட்டக் கடமைப்படி, இந்த வடிகாலை, இத்தனை மாதங்களுக்குள்" என்ற கோரிக்கையே நிற்கும். மனுவோடு இணைக்க வேண்டியவை மூன்று: ஒப்புகை பெற்ற விண்ணப்பம், "நிதியில்லை" என்ற எழுத்துப்பூர்வமான பதில், அதே ஆண்டில் ஊர்த் தெருக்களில் நடந்த பணிகளின் பட்டியல்.